பரிவில் தோற்ற கதை

நடுவர் சின்னத்தம்பி வாத்தியார் மணியைக் கையில் தூக்கிவிட்டார்.

பித்தளைப் பள்ளிக்கூட மணி. அதன் நாக்கை இரண்டு விரல்களால் பிடித்திருந்தார். விரலை விட்டால் மணி அடிக்கும். மணி அடித்தால் எங்கள் கதை முடிந்தது. மண்டபம் நிறையச் சனம், யன்னல் கம்பிகளுக்கு வெளியேயும் தலைகள். நான் மேடையில் நிற்கிறேன். நான் உடுத்திருக்கும் அம்மாவின் சேலையில் கற்பூர வாசம் அடிக்கிறது. பக்கத்தில் அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லடி... சொல்லடி..." என்கிறார்.

துயரத்துக்கு இன்னொரு பெயர் வேண்டும். ஒன்றே ஒன்று போதும்.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த நிமிடம் எனக்குக் கனவில் வருகிறது. நான் எப்படி அந்த மேடைக்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடலில் தோற்ற கடலோடிகள்

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் தமிழ் ஒரு காய்ச்சலாகப் பரவியிருந்தது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாத இளந்தாரிகள் அதை வாசிகசாலைகளில் கொட்டினார்கள். பட்டிமன்றம், கவியரங்கு, சொற்போட்டி என்று ஒரு ஞாயிறும் சும்மா போவதில்லை.

சொற்போட்டிதான் எல்லாவற்றிலும் சூடானது. ஒரு சொல்லைப் பொருளாகக் கொடுப்பார்கள். பக்கத்துக்கு மூன்று பேர். அதே பொருளுள்ள வேறு சொற்களை மாறிமாறிச் சொல்ல வேண்டும். சொன்ன சொல்லை ஒரு வசனத்தில் வைத்தும் காட்ட வேண்டும். மற்றப் பக்கம் மறுக்கலாம். தீர்ப்புச் சொல்வது நடுவர். மறுப்புத் தோற்றால் அந்தப் பக்கத்தில் அடுத்த சொல்லை யார் சொல்வது என்பதையும் அவரே தீர்மானிப்பார். மணி அடிக்குமுன் சொல் வராவிட்டால் தோல்வி.

எங்கள் ஊர் நெல்லியடிக்கு வடக்கே, நிலம் முடிந்து கடல் தொடங்கும் இடம். ஆண்கள் எல்லாரும் தோணியில் போகிறவர்கள். எங்கள் ஐயா தோணித் தண்டையல். அதாவது சரக்குத் தோணியின் தலைவர். அப்படிப்பட்ட எங்கள் வாசிகசாலை முந்திய வருடம் சாவகச்சேரிப் பக்கத்து வாசிகசாலையிடம் தோற்றது. அதுவும் எந்தச் சொல்லில்? கடல் என்ற சொல்லில்!

தென்மராட்சித் தோட்டக்காரர், சாவகச்சேரிப் பக்கம் மண்ணைக் கொத்தி விதைக்கிறவர்கள், வருடத்துக்கு ஒருமுறை தீர்த்தமாடக் கடலுக்கு வருகிறவர்கள், ஆழி, பரவை, முந்நீர், பௌவம் என்று அடுக்கிக்கொண்டே போக, கடலில் பிறந்து வளர்ந்த எங்கள் பெடியன்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்களாம். அந்த அவமானம் ஊரை விட்டுப் போகவில்லை. சந்தையில் மீன் வாங்க வந்த நெல்லியடி மனிசர்கூட, "கடலுக்கு என்ன பேர், தம்பி?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அடுத்த வருடத்துக்குக் கொடுத்த பொருள் 'துயரம்.' அணித்தலைவர் அந்த முறையும் அண்ணைதான். ஒரு மாதமாகக் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் நிகண்டுதான். அண்ணை சொல்லச் சொல்லச் சரி பார்ப்பது என் வேலை. நான் எஸ்.எஸ்.சி. முடித்து வீட்டோடு இருந்தேன். அண்ணைக்குப் பாடமாகுமுன் எனக்குப் பாடமாகிவிட்டது.

போட்டியன்று காலையில் மூன்றாவது ஆளான சிவகுருவுக்குக் கூகைக்கட்டு. இரண்டு கன்னமும் பூசணிக்காய் மாதிரி வீங்கி, வாயைத் திறக்க ஏலாமல் படுத்துவிட்டார். எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். வருத்தத்துக்குச் சொல் தேடியவருக்கு வருத்தமே வந்துவிட்டது.

அண்ணை முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பவளம், வெளிக்கிடு. நீதான் இனி மூண்டாவது ஆள்."

அம்மாவின் சேலை

அம்மா கடல் பக்கத்து வேலியடியில் நின்றா. ஒரு கிழமையாக அவவை அங்கேதான் காணலாம். நாகபட்டினத்துக்குப் போன ஐயாவின் தோணி வரவேண்டிய நாளெல்லாம் கடந்துவிட்டது. நடுவில் ஒருநாள் காற்றும் மழையும் பேயாக அடித்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அம்மா சமைத்தா, பரிமாறினா, திரும்பவும் போய் வேலியடியில் நின்றா.

"பொம்பிளைப் பிள்ளையை மேடையிலை ஏத்தினால் நாளைக்கு ஊர் என்ன கதைக்கும்?" என்று கடலைப் பார்த்தபடியே கேட்டா.

"ஊர் ஒரு வருசமாய் எங்களைக் கதைச்சுக்கொண்டுதானே இருக்கு, அம்மா," என்றார் அண்ணை.

"ஐயா வரட்டும். கேட்டுப்போட்டுப் போங்கோ."

"போட்டி இண்டைக்குப் பின்னேரம்."

அம்மா கடலிலிருந்து கண்ணை எடுத்தா. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, தன் கத்தரிப்பூ நிறச் சேலையை எடுத்து வந்து என் கையில் வைத்தா.

"கூட்டிக்கொண்டு போ, தம்பி. அவளும் இஞ்சை நிண்டு என்னோடை உந்தக் கடலைப் பாக்க வேண்டாம்."

வாசிகசாலைக்காரர் பிடித்திருந்த வாடகைக் காரில் நானும் அண்ணையும் மற்ற ஆளான பரமுவும் முன்னால் நெருங்கிக்கொண்டோம். பின்னால் ஊரே ஏறியிருந்தது போல இருந்தது. பயமா சந்தோசமா என்று தெரியாத ஒரு துடிப்பு. போட்டி நடந்த நெல்லியடி வரும்வரை சொற்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

ஒரு சொல்லுக்குள் எத்தனை வீடு

அந்த ஒரு மாதத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். துயரத்துக்கான சொற்களைத் தட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் வேறு யாரோ குடியிருப்பார்கள்.

கவலை என்றால் மனக்கவலை மட்டும் இல்லை. பாதை இரண்டாகப் பிரியும் இடமும் கவலைதான். அதைப் படித்த அன்று நான் துள்ளிக் குதித்தேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிற மனிசன் கவலைப்படாமல் என்ன செய்வான்? கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைப்பதும் கவலை. போவதும் வருவதுமாக ஒரே தடத்தில் மாடு நடக்கிறதே, அதைப் பார்த்தவனுக்கு விளக்கம் வேண்டாம்.

விழுமம் என்றால் துன்பம், சிறப்பும் அதுதான். கவ்வை என்றால் துன்பம். ஊரார் வாய்ப்பேச்சும் கவ்வை.

வியாகுலம் என்ற சொல்லை நான் நிகண்டில் எடுக்கவில்லை. அது குருநகர் பிலோமினா தந்தது. பட்டணத்துப் பள்ளிக்கூட விடுதியில் என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் அவளுடையது. ஒருமுறை தன் கோயிலுக்குக் கூட்டிப்போய், நெஞ்சில் வாள் பாய்ந்த ஒரு தாயின் சுரூபத்தைக் காட்டினாள். "இவதான் வியாகுல மாதா. மகனைப் பறிகுடுத்தவ," என்றாள். கோயில் வாசலில் இருந்தே வலையும் வள்ளமும் தெரிந்தன. மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்த பெண்களில் பாதிப்பேர் கடலுக்குப் போனவர்களுக்காக ஏற்றினார்கள். சைவக்காரியான எனக்கு அன்றைக்கு அந்தத் தாய் அந்நியமாகத் தெரியவில்லை.

மேடை

எதிரணியில் நடுவில் இருந்தவர் தில்லையம்பலம். சாவகச்சேரிக் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், கிளாக்கர். ஒல்லி. நீண்ட கழுத்து. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டே இருப்பார். முந்திய வருடம் எங்களைக் கடலில் மூழ்கடித்தவர் இவர்தான் என்று பரமு காதில் சொன்னார்.

தொடக்கம் சாதாரணமாகத்தான் போனது. துக்கம், துன்பம், சோகம், வேதனை, இடர், இன்னல், அல்லல், அவலம். பரமு "வருத்தம்" என்றதும் பின்னாலிருந்து ஒருவர், "வருத்தமெண்டால் ஆசுப்பத்திரிக்குப் போ!" என்று கத்தினார். மண்டபம் சிரித்தது. சொல் நின்றது.

பிறகு நிகண்டு இறங்கியது. தில்லையம்பலம் "பையுள்" என்றார். அண்ணை "எவ்வம்" என்றார். அவர்கள் "அரந்தை." நாங்கள் "அலக்கண்." அவர்கள் "புன்கண்." நாங்கள் "பழங்கண்." பந்து எறிந்து பிடிப்பது மாதிரிச் சொற்கள் பறந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் சனம் கை தட்டியது. பொருள் தெரியாதவர்களும் தட்டினார்கள். சத்தமாகத் தட்டியவர்கள் அவர்கள்தான்.

என் முறை வந்தபோது "வியாகுலம்" என்றேன். "மகனைப் பறிகொடுத்த தாயின் வியாகுலம் கண்டவர் நெஞ்சையும் உருக்கும்," என்று வசனமும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. பெண் குரலை எதிர்பாராத மண்டபம் இடித்தது போலத் தட்டியது. எனக்குக் காது அடைத்தது. இப்படி ஒரு சந்தோசம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

அடுத்த முறை வந்தபோது, பாடமாக்கிய சொல்லை விட்டு, வீட்டில் மனத்தவிப்புக்குச் சொல்லும் வேறொன்று வாயில் வந்தது.

"அந்தரம்."

எதிரணியில் இருந்த தடித்த ஒருவர் எழும்பினார். "ஏற்க ஏலாது. அந்தரம் எண்டால் ஆகாயம், இடைவெளி. துயரமில்லை."

வாத்தியார் என்னைப் பார்த்தார். "வசனத்திலை வைச்சுக் காட்டு, பிள்ளை."

நான் யோசிக்கவில்லை. எழுத்துத் தமிழும் வரவில்லை.

"தோணி இன்னும் வரேல்லை. அம்மாவுக்கு ஒரே அந்தரம்."

பின் வரிசைகளில் எங்கள் ஊர் ஆட்கள். எல்லாருக்கும் எந்தத் தோணி என்று தெரியும். ஒரு மனிசி தலைப்பால் வாயைப் பொத்தினா. அண்ணை என்னைத் திரும்பிப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்.

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுக்குமுன் தில்லையம்பலம் எழும்பி, தன் ஆளின் தோளைப் பிடித்து இருத்தினார்.

"மறுப்பை நாங்கள் திருப்பி எடுக்கிறம், ஐயா. சொல்லு சரி."

பேசிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். திரும்ப அமரவில்லை. ஏனென்றால் அடுத்த முறை அவருடையது.

"பரிவு," என்றார்.

அண்ணை துள்ளி எழும்பினார். "பரிவு எண்டால் அன்பு! துயரமில்லை! மறுக்கிறன்!"

வாத்தியார் சிரித்தார். "ரெண்டு பொருளும் உண்டு. வசனத்தைச் சொல்லும், தம்பி."

தில்லையம்பலம் மேடைப்பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்தப் பிள்ளையின்ரை தோணி வரேல்லை எண்டு கேட்டு எனக்குப் பரிவாய் இருக்கு."

"அது எந்தப் பொருளிலை சொன்னனீர்? அன்போ, துயரமோ?"

அவருடைய காது இரண்டும் சிவந்தன.

"போட்டிக்குத் துயரம், ஐயா."

"போட்டி முடிஞ்சால்?" என்று யன்னலுக்கு வெளியே இருந்து ஒரு குரல்.

கூரை பறந்தது என்றே நினைத்தேன். அவ்வளவு சிரிப்பு, அவ்வளவு விசில். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு, "சொல் செல்லும். அடுத்தது கடலோரப் பிள்ளை," என்று மணியைத் தூக்கினார்.

என்னிடம் சொற்கள் இருந்தன. நடலை இருந்தது, பீழை இருந்தது, உறுகண் இருந்தது, இடும்பை இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் எல்லாம் வரிசையாக வந்தன. அந்த நிமிடத்தில் மட்டும் ஒன்றும் வரவில்லை. எதிர்ப்பக்கத்தில் சிவந்த காதோடு ஒரு மனிசன் நிற்கிறார். நான் அவரைப் பார்க்கக் கூடாது என்று பாடுபட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"சொல்லடி... சொல்லடி..."

மணி அடித்தது.

கவ்வை

அண்ணை என்னோடு கதைக்கவில்லை. காரில் யாரும் கதைக்கவில்லை. அதற்கெல்லாம் சேர்த்து மறுநாள் ஊர் கதைத்தது.

"தென்மராட்சிப் பெடியனைப் பாத்துத்தான் பவளத்துக்கு வாயடைச்சுப் போச்சாம்." கிணற்றடியில் தொடங்கி, கோயில் வீதியால் போய், சந்தையைச் சுற்றி, மாலையில் எங்கள் வாசல் படலைக்கு வந்துவிட்டது. ஊரார் பேச்சும் துன்பமும் ஒரே சொல்லாக இருப்பதன் காரணம் அன்றைக்கு எனக்கு நன்றாக விளங்கியது.

அம்மா திட்டவில்லை. "இனி வெளியிலை போறேல்லை," என்று மட்டும் சொல்லிவிட்டு வேலியடிக்குப் போனா.

வெட்கம் ஒரு பக்கம், ஐயாவை நினைத்த பயம் ஒரு பக்கம். அதற்குள்ளேயும் நெஞ்சுக்குள் ஏதோ சிறகடித்துக்கொண்டிருந்தது. துயரத்துக்கு ஒரு மாதமாகச் சொல் சேர்த்த எனக்கு இதற்கு ஒரு சொல் அகப்படவில்லை.

பாய் தெரிந்த காலை

சில நாள் கழித்து, பழஞ்சோறு பிசைந்துகொண்டிருந்தபோது கரையில் பெடியள் கத்தும் சத்தம் கேட்டது. "பாய் தெரியுது! பாய் தெரியுது!"

அம்மா ஓடியதை நான் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். செருப்பில்லாமல், கொண்டை அவிழ்ந்தது தெரியாமல் ஓடினா. நான் கையில் சோற்றோடு பின்னால் ஓடினேன். அண்ணை எங்கள் இரண்டு பேரையும் முந்திக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். தோணியின் ஒரு பாயில் பெரிய ஒட்டுத் தெரிந்தது. ஐயா முன்பக்க அணியத்தில் நின்று கையை உயர்த்தினார். கரை முழுவதும் கூக்குரல். ஐயா நனைந்த வேட்டியோடு நடந்து வந்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மணலில் குந்தியிருந்து அழுதா. காற்றில் பாய் கிழிந்து, வேதாரணியத்துக் கரையில் ஒதுங்கித் தைக்க அத்தனை நாள் எடுத்ததாம்.

வீட்டுக்கு வருமுன்பே கரையில் யாரோ ஐயாவிடம் என் கதையைச் சொல்லிவிட்டார்கள். குளித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தோத்திட்டியோ?"

"ஓம், ஐயா."

"எந்தச் சொல்லிலை?"

"பரிவிலை."

ஐயா வெற்றிலையை மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். பிறகு அண்ணையைப் பார்த்து, "முதலிலை அவளோடை கதை. போன வருசம் கடலிலை தோத்தவன் ஒருத்தனும் ஆரோடையும் கோவிக்கப்படாது," என்றார். அண்ணைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மத்தியானத்தில் வந்தவர்

அடுத்த ஞாயிறு, உச்சி வெயில். படலையில் சைக்கிள் மணி கேட்டது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். நீண்ட கழுத்து. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சாவகச்சேரியிலிருந்து அந்த வெயிலில் மிதித்து வந்திருக்கிறார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

"தோணி வந்ததெண்டு கேள்விப்பட்டன்," என்றார் தில்லையம்பலம். "பாத்திட்டுப் போவமெண்டு..."

"ஆரை? தோணியையோ?" என்று கேட்டார் ஐயா.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு நேராகவே கேட்டார்.

"உங்கடை மகளை எனக்குத் தருவியளோ, ஐயா?"

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தானே வந்து பெண் கேட்பதில்லை. அதைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. அவர்கள் தோட்டக்காரர், நாங்கள் கடல்காரர். அந்த நாளில் அவர்கள் எங்கள் வீடுகளில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. எங்கள் ஆட்களும் அங்கே போய்ப் படலைக்கு வெளியே நிற்க ஆயத்தமில்லை.

"வீட்டிலை பெரியாக்கள் இல்லையோ?" ஐயாவின் குரலில் சிரிப்புப் போயிருந்தது.

"இருக்கினம். கேட்டனான். என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லிப்போட்டினம்."

"உம்மடை ஆக்கள் ஒதுக்கிப்போடுவினம், தம்பி. எங்கடை ஆக்களும் சும்மா விடாயினம்."

"தெரியும், ஐயா. யோசிச்சுத்தான் வந்தனான்."

ஐயா முற்றத்தைப் பார்த்தார். அண்ணை தூணோடு சாய்ந்து நின்றார். அப்போதுதான் அம்மா குசினி அடுப்படியிலிருந்து வெளியே வந்தா. கையில் செம்பு நிறையத் தண்ணீர். தில்லையம்பலத்துக்கு முன்னால் நீட்டினா.

அவர் இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து குடித்தார். செம்பை இறக்கவே இல்லை. தொண்டை ஏறி இறங்குவதைக் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்கடை வீட்டிலை சாப்பிடுவியளோ?" என்று அம்மா கேட்டா. மகளின் வாழ்க்கையை அந்த ஒரு கேள்வியில் வைத்துத்தான் கேட்டா.

"மீன், மச்சம் மட்டும் பழக்கமில்லை, அம்மா. சோறும் தேங்காய்ப்பால் சொதியும் போதும்."

அதற்குப் பிறகும் கலியாணம் ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டது. இரண்டு ஊரிலும் வாய்கள் ஓயவில்லை. தாலி கட்டும்போது அவர் பக்கத்திலிருந்து வந்து நின்றது ஒரு சின்னம்மா மட்டும்தான். அவருடைய தாய் எங்கள் படலையைத் திறந்து வந்தது மூத்தவன் பிறந்த பிறகு. அதையெல்லாம் சொல்ல இங்கே இடமில்லை.

அன்று மத்தியானம் அம்மா உள்ளே திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டா.

"பவளம்! இலை வெட்டிக்கொண்டு வா!"

கத்தியை எடுத்துக்கொண்டு வாழையடிக்கு ஓடினேன். ஓர் இலைதான் வேண்டும். நான் மூன்று வெட்டிவிட்டு, நாலாவதில் கத்தியை வைத்திருந்தேன்.